மேட்டின் உச்சியில் வானம் மட்டுமே தெரிகிறது: முன்பக்கக் கேமரா உதவுமா?

செம்மண் தடம்:

அனைவருக்கும் வணக்கம். கரடுமுரடான பாதைகளில் நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியை ஓட்டத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சேறு, பாறை, பள்ளம் ஆகிய எதையும்விட என்னை அதிகம் தயங்க வைப்பது செங்குத்தான மேட்டின் உச்சிதான். ஏறும்போது வண்டியின் மூக்கு மேலே தூக்கிக்கொள்வதால், உச்சியை எட்டும் சில நொடிகளில் முன்கண்ணாடி முழுவதும் வானமே நிறைந்திருக்கிறது. அந்தப் பக்கம் பாதை நேராக இறங்குகிறதா, இடப்புறம் வளைகிறதா, நடுவில் மழைநீர் அரித்த வெட்டு இருக்கிறதா என்பது முன்சக்கரங்கள் இறங்கத் தொடங்கிய பிறகுதான் தெரியவருகிறது.

என் கண்ணுக்கு எவ்வளவு தரை மறைகிறது என்று சென்ற வாரம் அளந்து பார்த்தேன். இருக்கையில் அமர்ந்தால் என் கண் தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பானெட்டின் முன்விளிம்பு 1.2 மீட்டர் உயரத்திலும், என் கண்ணிலிருந்து 2 மீட்டர் தொலைவிலும் இருக்கிறது. சமதரையில் வண்டியை நிறுத்திவிட்டு, வெள்ளைக் கயிறு ஒன்றை வண்டிக்குக் குறுக்காகத் தரையில் போட்டு மெல்ல மெல்ல முன்னால் நகர்த்தும்படி நண்பரிடம் சொன்னேன். பம்பரிலிருந்து ஏறத்தாழ 6 மீட்டர் தள்ளிப் போன பிறகுதான் கயிறு என் கண்ணில் பட்டது. சமதரையிலேயே இந்த நிலை என்றால், மேட்டில் எனக்கு ஒன்றும் தெரியாமல் போவதில் வியப்பில்லை.

இதுவரை உடன் வருபவர் இறங்கிப் போய்ப் பார்த்துக் கையசைப்பதை நம்பித்தான் ஓட்டி வருகிறேன். முன்பக்கத்தில் ஒரு கேமராவைப் பொருத்தினால் இந்தச் சிக்கல் தீருமா? தீருமென்றால் அதைப் பம்பரின் அடியில் வைப்பதா, பானெட்டின் விளிம்பில் வைப்பதா, எவ்வளவு அகலம் பார்க்கும் லென்ஸ் வேண்டும் என்ற ஐயங்கள் எழுகின்றன. என் வண்டியின் ஸ்டீரியோ திரையில் ரிவர்ஸ் கேமராவுக்கு மட்டுமே இணைப்பு இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்கண்ணாடிக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு டேஷ்கேம் ஓடுகிறது. அதன் படத்தையே பெரிய திரையில் காட்டினால் போதாதா என்று ஒருவர் கேட்டார்.

கல்லெண்ணி:

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். டேஷ்கேம் உங்கள் கண்ணுக்கு அருகிலேயே, அதே பானெட்டுக்குப் பின்னால் இருப்பதால் உங்களுக்குத் தெரியாதது அதற்கும் தெரியாது. விபத்தைப் பதிவு செய்ய அது பயன்படும். மேட்டின் உச்சியில் பயன்படாது.

உங்கள் அளவுகளிலேயே விடையும் இருக்கிறது. 2 மீட்டருக்கு 0.4 மீட்டர் இறங்கும் பார்வைக்கோடு கிடைமட்டத்துக்குக் கீழே 11 பாகை சாய்ந்திருக்கிறது. ஆகவே, 11 பாகைக்கு மேற்பட்ட எந்த ஏற்றத்திலும் பானெட்டின் விளிம்பைத் தாண்டி நீங்கள் காணக்கூடிய மிகத் தாழ்ந்த கோடுகூடக் கிடைமட்டத்துக்கு மேலேதான் போகிறது. 20 பாகை ஏற்றத்தில் அது 9 பாகை மேல்நோக்கி நிற்கும். உச்சிக்கு அப்பால் சமதரை இருந்தாலும் வானத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. இருக்கையை உயர்த்தினாலும் கழுத்தை நீட்டினாலும் இரண்டு மூன்று பாகைக்கு மேல் ஈடுகட்ட முடியாது.

கேமரா இந்த இடத்தில்தான் உண்மையாகவே உதவுகிறது. அது வண்டியின் முன்முனையில் இருப்பதால், உங்கள் கண் உச்சியை எட்டுவதற்கு 2 மீட்டருக்கும் முன்பாகவே அது உச்சியைக் கடந்துவிடுகிறது. மேலும் கீழுமாக 90 பாகை பார்க்கும் லென்ஸை 20 பாகை கீழ்நோக்கிச் சாய்த்துப் பொருத்தினால், 20 பாகை ஏற்றத்தில் லென்ஸின் நடுக்கோடு கிடைமட்டமாகிவிடும். அதற்குக் கீழே இன்னும் 45 பாகை தரை திரையில் இருக்கும். ஆனால் உச்சியைத் தொடும் வரை அதுவும் நீங்கள் ஏறிக்கொண்டிருக்கும் சரிவைத்தான் காட்டும் என்பதை மறந்துவிட வேண்டாம். லோ ரேஞ்சில் (வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கியர் நிலையில்) ஒரே சீரான வேகத்தில் ஏறி, முன்சக்கரங்கள் உச்சியின் தட்டையான பகுதியைத் தொட்டதும் பிரேக்கை அழுத்தி நின்று, திரையைப் பார்த்துவிட்டு, பிறகு இறங்குவது என்பதே முறை. தளர்ந்த மண்ணில் சரிவின் நடுவே நின்று திரையைப் பார்த்தால், விட்ட வேகத்தைத் திரும்பப் பெற முடியாமல் பின்னோக்கி இறங்க வேண்டிவரும்.

பொருத்தும் இடத்தைப் பற்றி என் கருத்து உறுதியானது: பம்பரின் அடிப்பகுதி வேண்டாம். 40 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் கையளவுக் கல்லும் குன்றுபோலத் தோன்றும்; சேறு முதலில் அங்குதான் வந்து அறையும்; பாறையில் மூக்கு முட்டினால் முதலில் உடைவதும் அதுதான். பானெட்டின் விளிம்பில் வைத்தால் லென்ஸ் சுத்தமாக இருக்கும், ஆனால் பம்பர் நீட்டிக்கொண்டிருக்கும் வண்டிகளில் அதன் உடனடி முன்பகுதி மறைந்துவிடும். கிரில்லின் கீழ்ப்பகுதியில், வண்டியின் நடுக்கோட்டில், 70 முதல் 90 சென்டிமீட்டர் உயரத்துக்குள் உள்ளொடுங்கிய ஓரிடத்தைத் தேடுங்கள். சாய்வைச் சரிசெய்யும்போது திரையின் அடியில் பம்பரின் விளிம்பு மெல்லிய பட்டையாகத் தெரிய வேண்டும். அந்தப் பட்டை இல்லாவிட்டால், திரையில் காணும் கல் உங்களுக்கு ஒரு சாண் தள்ளி இருக்கிறதா, ஓர் ஆள் தள்ளி இருக்கிறதா என்று சொல்ல உங்களிடம் எந்த அடையாளமும் இருக்காது.

நடுக்கோட்டில் இடமில்லை என்று சிலர் ஓரமாகப் பொருத்திவிடுகிறார்கள். வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்க முன்பம்பரில் பொருத்தும் மின்சுருளி) உள்ள வண்டிகளில் இது நேர்கிறது. ஒரு சாண் விலகினாலும் படத்தின் நடுப்பகுதி வண்டியின் நடுப்பகுதியாக இருக்காது என்பதை ஒவ்வொரு முறையும் மனத்தில் கழித்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கும். நெருக்கடியான இடத்தில் யாரும் அப்படிக் கழிப்பதில்லை. கிரில்லுக்குள் ரேடார் சென்சார் இருக்கும் வண்டியாக இருந்தால் அதன் முன்னால் எதையும் வைக்கக் கூடாது.

லென்ஸ் விஷயத்தில் 170 பாகை என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்காதீர்கள். அந்த எண் பெரும்பாலும் மூலைக்கு மூலை அளந்ததாக இருக்கும். அகலம் கூடக்கூட நடுவில் இருப்பவை சிறுத்துத் தொலைவில் இருப்பதுபோலத் தோன்றும், ஓரங்கள் வளையும், சரிவுகள் தட்டையாகும். பக்கவாட்டில் 130 முதல் 150 பாகை வரை பார்ப்பது போதுமானது. முன்டயர்கள் செல்லப்போகும் தடமும் இரு ஓரங்களிலும் கொஞ்சமும் தெரிந்தால் நமக்கு வேறென்ன வேண்டும்?

பொருத்தியதும் நேரே மேட்டுக்குப் போகாதீர்கள். சமதரையில் நிறுத்தி, இரு முன்டயர்களின் வெளிவிளிம்புக்கு நேராக 1 மீட்டர், 2 மீட்டர், 4 மீட்டர் தொலைவுகளில் கற்களை வையுங்கள். உள்ளே வந்து அமர்ந்து, அந்த ஆறு கற்களும் திரையில் எங்கே விழுகின்றன என்று பார்த்து, முடியளவு மெல்லிய நாடாவை ஒட்டிக்கொள்ளுங்கள். கற்களின் இரு வரிசைகளும் மேலே போகப் போக நடுவை நோக்கிக் குறுகுவதையும், 2 மீட்டருக்கும் 4 மீட்டருக்கும் இடையிலுள்ள இடைவெளி திரையில் விரற்கடை அளவுக்குச் சுருங்கிவிடுவதையும் காண்பீர்கள். கேமராவோடு வரும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் உங்கள் வண்டியின் அகலத்துக்கோ உயரத்துக்கோ வரைந்தவை அல்ல, அவற்றை அணைத்துவிடுங்கள்.

நீங்கள் ஒட்டும் நாடாவும் சமதரைக்கு மட்டுமே பொருந்தும். முன்னால் தரை கீழே இறங்கினால், 2 மீட்டர் கோட்டில் தெரியும் மண் உண்மையில் அதைவிடத் தள்ளி இருக்கும். தரை மேலே எழும்பினால் அதைவிட நெருங்கி இருக்கும். ஓடையின் எதிர்க்கரையில் பம்பரை முட்டியவர்களில் பாதிப் பேர் இதை அறியாதவர்கள் என்பது என் ஊகம்.

ஃபியூஸ் பெட்டி:

மேலே இருப்பவர் கண்ணுக்கான வேலையைச் சொல்லிவிட்டார். கம்பிக்கான வேலையை நான் சொல்கிறேன், ஏனெனில் பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான்.

சந்தையில் கிடைக்கும் சிறிய கேமராக்களில் பல ரிவர்ஸ் பயன்பாட்டுக்கென்றே செய்யப்பட்டவை என்பதால், கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம்வலம் மாறிய படத்தை அனுப்பும். அதை அப்படியே முன்னால் பொருத்தினால், வலப்பக்கத்துக் கல் திரையில் இடப்பக்கம் தெரியும். பதற்றத்தில் நீங்கள் கல்லை நோக்கியே ஸ்டீயரிங்கைத் திருப்புவீர்கள். பல கேமராக்களின் வயரில் இதற்கென ஒரு சிறு கம்பி வளையம் விட்டிருப்பார்கள். அதை வெட்டினால் படம் நேராகும். கோடுகளை அணைக்கவும் அதேபோல இன்னொரு வளையம் இருக்கும். எந்த நிற வளையம் எதற்கு என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவதால், கூட வரும் தாளைப் படிக்காமல் கத்தரியை எடுக்க வேண்டாம். சரிபார்ப்பது எளிது: கேமராவின் முன்னால் எழுத்துள்ள ஓர் அட்டையைப் பிடியுங்கள். எழுத்தைத் திரையில் படிக்க முடிந்தால் படம் நேராக இருக்கிறது.

அடுத்தது சிக்னல். பழைய அனலாக் கேமராக்கள் என்டிஎஸ்சி அல்லது பிஏஎல் முறையில் படம் அனுப்புபவை. புதியவை ஏஹெச்டி எனப்படும் உயர்தெளிவு அனலாக் முறையில் 720 அல்லது 1080 வரிகள் அனுப்புகின்றன. கேமராவும் திரையும் ஒரே முறையைப் புரிந்துகொள்ள வேண்டும்; இல்லையென்றால் படம் மேலும் கீழுமாக உருளும், நிறமிழக்கும், அல்லது வரவே வராது. கேமரா கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பப்படுபவற்றில் பல இந்தப் பொருத்தமின்மைக்குப் பலியானவை.

வயர்லெஸ் வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லிவிடுவார்கள் என்பதால் எழுதுகிறேன். வயர் இழுக்கும் வேலை மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் படம் ஐந்தில் ஒரு நொடி தாமதமாக வந்தால்கூட, மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் வண்டி அதற்குள் 28 சென்டிமீட்டர் போயிருக்கும். ஒரு சக்கரம் பாறையின் விளிம்பில் நிற்பதற்கும் விழுவதற்கும் அந்த ஒரு சாண் போதும். வயரையே இழுங்கள்.

மின்சாரத்தை ரிவர்ஸ் விளக்கிலிருந்து எடுக்கக் கூடாது. முன்னால் போகும்போது அங்கு மின்சாரம் இருக்காது. சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் ஒரு 12 வோல்ட் இணைப்பிலிருந்து, 2 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக, டேஷ்போர்டில் ஒரு சுவிட்சு வைத்து எடுங்கள். கேமரா குடிக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். ஃபியூஸ் அங்கே வயரைக் காப்பதற்காக இருக்கிறது.

உங்கள் திரைக்கு ஒரே ஒரு கேமரா இணைப்புதான் என்பதால், இரண்டு கேமராக்களை ஏற்று ஒன்றை மட்டும் வெளியே அனுப்பும் சிறு மாற்றிப்பெட்டி ஒன்று தேவைப்படும். ரிவர்ஸ் கியர் விழுந்தால் பின்கேமராவுக்கே முன்னுரிமை கொடுக்கும்படியானதைத் தேர்ந்தெடுங்கள். சிலர் குறுக்குவழியாக, ரிவர்ஸ் கியர் விழுந்ததைத் திரைக்குத் தெரிவிக்கும் ரிவர்ஸ் உணர்வுக் கம்பிக்கே சுவிட்சின் வழியாக 12 வோல்ட் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கம்பி ரிவர்ஸ் விளக்கோடும் இணைந்திருப்பதால், முன்கேமராவைப் போடும்போதெல்லாம் வண்டியின் பின்னால் ரிவர்ஸ் விளக்கு எரியும். பின்னால் வருபவர் நீங்கள் பின்னோக்கி வருவதாக எண்ணி விலகி ஓடுவார். சரிவில் இது வேடிக்கையல்ல. நடுவில் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடோ, மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலேயோ வைத்துப் பிரித்துவிடுங்கள்.

வீடியோ வயரை ரேடியேட்டர் விசிறிக்கும் சைலன்சர் குழாய்க்கும் எட்டாதபடி நெளிகுழாய்க்குள் விட்டு, எஞ்சின் அறையின் சுவரில் ஏற்கெனவே உள்ள ரப்பர் வளையத்தின் வழியாக உள்ளே கொண்டுவாருங்கள். உள்ளே நுழையும் முன் வயரைக் கொஞ்சம் கீழ்நோக்கித் தொங்கவிட்டால், அதன்மேல் வழியும் நீர் அந்தத் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும். உங்கள் காலடிக்கு வராது.

நடந்து பார்ப்பவன்:

மூவரின் பதிவுகளையும் படித்தேன். பொருத்தும் முறையில் எனக்கு மறுப்பில்லை. நம்பும் முறையில்தான் மறுப்பு உண்டு.

நானும் முன்கேமரா வைத்திருக்கிறேன். ஓராண்டுக்கு முன், நண்பகல் வேளையில், ஒரு மேட்டின் உச்சியில் நின்று திரையைப் பார்த்தேன். பாதையின் குறுக்கே கொஞ்சம் கருத்த பட்டை ஒன்று தெரிந்தது. பக்கத்தில் மரங்கள் இருந்ததால் கிளையின் நிழல் என்று எண்ணிவிட்டேன். இறங்கிப் பார்க்கச் சோம்பல். திரையில்தான் எல்லாம் தெரிகிறதே என்ற நினைப்பு வேறு. முன்வலச் சக்கரம் அந்த நிழலுக்குள் முழங்கால் ஆழத்துக்கு இறங்கியது. எதிர்மூலையில் பின்இடச் சக்கரம் காற்றில் தூக்கிக்கொண்டு சுழன்றது. வின்ச் போட்டு வெளியே எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. பிறகு வண்டியை அதே இடத்தில் நிறுத்தித் திரையை மீண்டும் பார்த்தேன். அப்போதும் அது நிழலாகவே தெரிந்தது.

ஒற்றைக் கண்ணுள்ள கேமரா ஆழத்தை நேராக அறிவதில்லை. நிழல், வெளிச்சம், பொருளின் பருமன் ஆகியவற்றைக் கொண்டு நம் மூளைதான் ஆழத்தைக் கற்பித்துக்கொள்கிறது. உச்சிவெயிலில் நிழலே இல்லாதபோது ஒரு முழப் பள்ளமும் சமதரையாகத் தோன்றும். அகன்ற லென்ஸ் அதை மேலும் தட்டையாக்கும். பக்கச் சாய்வுக்கும் இது பொருந்தும்: கேமரா வண்டியோடு சேர்ந்தே சாய்வதால், உங்களை நடுங்க வைக்கும் பக்கச் சாய்வு திரையில் சாதுவாகக் கிடக்கும். அதற்குச் சாய்வுமானியைப் பாருங்கள், அல்லது உங்கள் வயிறு சொல்வதைக் கேளுங்கள்.

இரவில் இன்னொரு சிக்கல் உண்டு. உச்சியில் முகப்பு விளக்குகளும் உங்கள் கண்ணைப் போலவே வானத்தை நோக்கியிருக்கும். கேமரா பார்க்கும் தரையில் வெளிச்சமே இருக்காது. கேமராவில் பதித்திருக்கும் சிறு விளக்குகள் ஒரு கை நீளத்துக்கு மேல் எட்டுவதில்லை. பம்பரின் கீழே தரையை நோக்கித் தனியாக விளக்கு வைத்தவர்களுக்கு மட்டும் இரவில் படம் கிடைக்கும்.

நீரைக் கடக்கும்போது கேமராவை அணைத்துவிடுவதே நல்லது என்பேன். அது நீரின் மேற்பரப்பில் வானத்தின் பிரதிபலிப்பைக் காட்டும். ஆழத்தையும் அடித்தரையின் உறுதியையும் ஒரு நீண்ட கோல்தான் காட்டும். பம்பர் தள்ளும் அலை எழுந்ததும் திரையில் பழுப்பு நிறம் மட்டுமே மிஞ்சும்.

கடைசியாக ஒன்று. வழிகாட்ட ஒருவர் வெளியே நின்றால் அவருக்கு நான்கு டயர்களும் அடிவயிறும் தெரியும். முன்கேமராவுக்குப் பின்சக்கரங்கள் தெரியாது. திருப்பத்தில் அவை முன்சக்கரத் தடத்துக்கு உட்புறமாக வெட்டிக்கொண்டு வரும் என்பதும் தெரியாது. முன்னால் தப்பித்த பாறை பின்கதவைக் கிழித்த கதைகள் எல்லாம் அப்படி வந்தவைதான்.

கல்லெண்ணி:

நடந்து பார்ப்பவர் சொன்ன நிழல் அனுபவத்தை ஏற்கிறேன். ஆனால் அதிலிருந்து அவர் கேமராவைக் குறைத்து மதிப்பிடுவதை ஏற்க முடியவில்லை. அவர் அந்தப் பட்டையைக் கண்டார் அல்லவா? கேமரா இல்லையென்றால் அதையும் கண்டிருக்க மாட்டார். திரையில் விளங்காத ஏதாவது ஒன்று தெரிந்தால் கதவைத் திறந்து இறங்க வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொண்டால், பத்து மேடுகளில் இரண்டில் மட்டும் இறங்கினால் போதும். தனியாக வருபவருக்கு அது பெரிய விடுதலை. வழிகாட்டுபவர் வெளியே நிற்கும் நேரத்தில் திரையைப் பார்க்கவே கூடாது என்பதில் மட்டும் அவரோடு முழுமையாக ஒத்துப்போகிறேன். இரண்டு எசமானர்களுக்கு ஒரே நேரத்தில் கீழ்ப்படிய முடியாது.

செம்மண் தடம்:

இவ்வளவு விரிவான விடைகளை எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. ஐபி67 என்று குறித்த ஒரு கேமராவைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். சேற்றுக்கும் நீருக்கும் அது போதுமா? வழியில் லென்ஸ் அடைபட்டால் ஒவ்வொரு முறையும் இறங்கித் துடைக்க வேண்டியதுதானா? சில வண்டிகளில் பானெட்டே மறைந்து அடித்தரை தெரிவதுபோலத் திரையில் காட்டுகிறார்களே, அது எப்படி என்பதையும் யாராவது விளக்கினால் மகிழ்வேன்.

சேற்றுக் காலணி:

ஐபி67 என்பதில் 6 என்பது தூசி உட்புகாது என்பதையும், 7 என்பது 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கினாலும் கேடில்லை என்பதையும் குறிக்கின்றன. மூழ்குவதைத் தாங்குவது பீய்ச்சியடிப்பதைத் தாங்குவதற்குச் சான்றாகாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பயணம் முடிந்து வண்டியைக் கழுவும்போது உயரழுத்த நீர்க்குழாயை நேராக லென்ஸின்மேல் பிடித்துத்தான் பெரும்பாலான கேமராக்கள் சாகின்றன. ஐபி69கே என்று குறித்தவை 80 பாகை செல்சியஸ் சூட்டில், 80 முதல் 100 பார் அழுத்தத்தில், நெருக்கத்திலிருந்து பீய்ச்சும் நீரைத் தாங்குகின்றனவா என்று சோதிக்கப்பட்டவை. அப்படிப்பட்டது கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் குழாயைக் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள்.

இன்னொரு நுட்பம்: ரேடியேட்டரின் அருகே சூடேறிய கேமரா திடீரெனக் குளிர்ந்த நீருக்குள் இறங்கும்போது, உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தளர்ந்த ரப்பர் வளையத்தின் வழியாக ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் காலை லென்ஸின் உட்புறம் பனி படர்ந்தது போலிருந்தால் காரணம் அதுவே. நீரில் இறங்குமுன் சில நிமிடங்கள் வண்டியை ஆறவிடுவது எஞ்சினுக்கும் கேமராவுக்கும் நல்லது.

லென்ஸைத் துடைக்க வேண்டாம், கழுவுங்கள். காய்ந்த சேற்றில் மணல் இருக்கிறது. துணியால் ஒரு முறை தேய்த்தால் போதும், மெல்லிய கீறல்கள் விழுந்து, மாலை வெயில் எதிரே வரும்போது திரை முழுவதும் வெள்ளையாக மூடிக்கொள்ளும். முன்கண்ணாடிக்கு நீர் தெளிக்கும் குழாயில் ஒரு மும்முனை இணைப்பு வைத்து, ஒருவழி வால்வோடு சிறு பீச்சுமுனை ஒன்றை லென்ஸின் மேற்புறம் பொருத்திவிட்டால் இறங்காமலே கழுவலாம். ஒருவழி வால்வு இல்லாவிட்டால் குழாயிலுள்ள நீர் கீழே வடிந்துவிட்டு, தேவைப்படும் நேரத்தில் காற்றுதான் வரும். இது என் கற்பனையல்ல. 2020ஆம் ஆண்டு மாடல் ஜீப் கிளாடியேட்டரில் நிறுவனமே கொடுத்த முன்கேமராவுக்கும் கழுவும் வசதி இருந்தது.

பானெட் மறையும் வித்தையை லேண்ட் ரோவர் 2014இல் ஒரு கருத்துவடிவமாகக் காட்டியது. பிறகு இரண்டாம் தலைமுறை ரேஞ்ச் ரோவர் எவோக்கில் விற்பனைக்கே கொண்டுவந்தது. வண்டிக்கு அடியில் கேமரா எதுவும் இல்லை. கிரில்லிலும் பக்கக் கண்ணாடிகளிலும் உள்ள கேமராக்கள் சற்று முன்பு கண்ட தரையை நினைவில் வைத்திருந்து, வண்டி அதன்மேல் வந்ததும் அந்தப் பழைய படத்தைச் சக்கரங்களுக்கு நடுவே ஒட்டிக் காட்டுகின்றன. ஆகவே நீங்கள் காண்பது தரையின் கடந்த காலத்தை. டயர் தட்டி உருண்ட கல் படத்தில் பழைய இடத்திலேயே இருக்கும். சக்கரம் சுழன்று தோண்டிய குழி படத்தில் இருக்கவே இருக்காது. இறுகிய பாறையில் அது அருமை. சேற்றில் எனக்கு அதன்மேல் அவ்வளவு நம்பிக்கையில்லை. தனியாக வாங்கிப் பொருத்தும் ஒற்றைக் கேமராவில் இது நடக்காது என்பதால் நீங்கள் அதற்காகக் கவலைப்பட வேண்டியதுமில்லை.

செம்மண் தடம்:

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். கிரில்லின் கீழ்ப்பட்டையில் 82 சென்டிமீட்டர் உயரத்தில் கேமரா அமர்ந்துவிட்டது. ஆறு கற்களை வைத்து நாடா ஒட்டியதில் ஒரு செய்தி புலப்பட்டது: வலப்பக்க நாடா இடப்பக்கத்தைவிடச் சற்று வெளியே போனது. அளந்து பார்த்தால் கேமரா நடுக்கோட்டிலிருந்து 3 சென்டிமீட்டர் விலகியிருந்தது. கண்ணால் பார்த்து நடு என்று நினைத்தது நடுவாக இல்லை. கழற்றி மீண்டும் பொருத்தினேன்.

முதல் மேட்டிலேயே பயன் தெரிந்தது. முன்கண்ணாடியில் வழக்கம்போல வானம். திரையின் அடியில் பம்பரின் கறுப்புப் பட்டை, அதற்கு மேலே செம்மண், அதற்கும் மேலே டயர் தடங்கள் இரண்டும் இடப்புறமாக ஒடிந்து மறைவது தெரிந்தது. நேராக இறங்கியிருந்தால் புதருக்குள் போயிருப்பேன். மூன்றாவது மேட்டில் நாடாக்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஏதோ கிடந்தது. விளங்காததால் இறங்கிப் போய்ப் பார்த்தேன். உலர்ந்த வாழைமட்டை போலச் சுருண்டிருந்த மரப்பட்டைதான். வீண் நடை என்று உடன் வந்தவர் சிரித்தார். நடந்து பார்ப்பவர் சிரித்திருக்க மாட்டார் என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரே ஒரு குறை இருக்கிறது. நண்பரின் வண்டியை வெளியே இழுக்க வின்ச்சை இயக்கியபோதெல்லாம் திரையில் கிடைக்கோடுகள் ஓடின. ஒருமுறை படம் முழுவதுமாக அணைந்து திரும்பி வந்தது. வின்ச்சை நிறுத்தினால் படம் தெளிவாகிவிடுகிறது. கேமராவில் பழுதா?

ஃபியூஸ் பெட்டி:

கேமராவில் பழுதிருக்க வாய்ப்பு குறைவு. அருகில் இருக்கிறதென்று கேமராவின் எர்த் கம்பியை வின்ச்சின் எர்த் போல்ட்டிலேயே முடுக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பாரம் இழுக்கும் வின்ச் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தை எடுக்கும். அவ்வளவும் திரும்பிச் செல்லும் போல்ட்டில் கேமராவையும் கட்டினால் படம் ஆடத்தான் செய்யும். கேமராவின் எர்த்தை அங்கிருந்து கழற்றி, ஸ்டீரியோ எர்த் ஆகியிருக்கும் அதே புள்ளிக்குத் தனிக் கம்பியாகக் கொண்டுபோங்கள். வின்ச் இயங்கும்போது எஞ்சினை ஓட விட்டு, சற்றே அதிக ஆர்பிஎம்மில் வைத்திருங்கள். பேட்டரியின் வோல்டேஜ் அதிகம் விழாமல் இருக்கும். அதன் பிறகும் கோடு ஓடினால், வீடியோ வயர் வின்ச்சின் தடித்த கேபிளோடு எங்கே உரசிக்கொண்டு போகிறது என்று ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.